சின்னத் தோட்டா எடுத்துக்கொள்ளும் நேரம்

கப்பலில்,
1955 ஆகஸ்ட் 29

தகூர்னாக்,

இந்தத் தாளின் வழியாக உன் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன். குட்டி ஆபாக்கின் கையையும்.

கரைக்குத் திரும்பாமல் போனதற்குக் கோபப்படாதே. நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும், சட்டையைக் கழற்று என்றார்கள். கழற்றினேன். குளிர்ந்த பலகை ஒன்றில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண் என் புறங்கையில் மையால் இரண்டு எழுத்து எழுதினாள். அந்த எழுத்து விழுந்த கைக்காரன் இறங்கக் கூடாதாம். மொழிபெயர்க்கிறவனிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்பா."

"போனா நீ வரமாட்டே" என்றான்.

அவன் சொன்னது சரிதான், வந்திருக்க மாட்டேன். நீ பாறை மேல் நின்றுகொண்டிருந்தது கடைசிவரை தெரிந்தது. நான் கையாட்டினேன். மேல்தளத்தில் எத்தனையோ பேர் கையாட்டினார்கள், அதில் எது என் கை என்று உனக்குத் தெரிந்திருக்காது.

வயிற்றில் இருப்பது பிறப்பதற்குள் நான் வந்துவிடப் பார்க்கிறேன். அதுவரை தம்பி குப்லு உங்களைப் பார்த்துக்கொள்வான். அவனுக்குச் சின்னத் துப்பாக்கி போதும். பெரியதை நான் ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன். அவன் கேட்டால் தெரியாது என்று சொல். உனக்கும் தெரியாதாகையால் அது பொய் ஆகாது.

ஏப்ரலில் அவன் செய்ததை நான் மறக்கவில்லை. இரவல் வாங்கிப்போன துப்பாக்கியைப் பனிவீட்டுக்குள் கொண்டுவந்து விளக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்த ஆள் அவன். உள்ளே வேர்க்கிற இரும்பு வெளியே போனதும் உறைந்துவிடும் என்று நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். மறுநாள் கரடி எதிரே நிற்கிறது, நான் விசையை இழுக்கிறேன், 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இரண்டு நாய்களைக் கொடுத்துவிட்டு உயிரோடு வந்தேன். அதற்கு அவன் ஒரு வார்த்தை சொன்னானா? சிரித்தான்.

இந்தக் கடிதத்தை அடுத்த துறையில் இறங்குகிறவரிடம் கொடுக்கிறேன்.

உயாரக்

*

எங்கள் முகாம்,
1955 அக்டோபர் 17

உயாரக்,

கையைக் குலுக்குகிறேன். உன் கடிதம் வந்தது. எல்லாருக்கும் உரக்கப் படித்தேன். பக்கத்துப் பனிவீட்டு இகிமாக் கிழவரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். உன்னைப் பற்றிய செய்தி எல்லாருக்கும் சொந்தம்தானே. துப்பாக்கி பற்றிய இடம் வந்ததும் குப்லு எழுந்து வெளியே போய்விட்டான்.

நாய்களுக்கு நோய் வந்தது. வாயில் நுரை தள்ளிச் சுற்றிச் சுற்றி விழுந்தன. ஒன்பதில் இரண்டுதான் மிச்சம். வண்டி இழுக்க ஆளில்லாமல் நாங்களே இழுக்கிறோம்.

சாப்பாடு இருக்கிறது. குப்லு சின்னத் துப்பாக்கியிலேயே மூன்று கரிபூ மான் அடித்தான். நான்தான் அவன் பின்னால் நடந்தேன். அவன் குனிந்து இரண்டு கையையும் கொம்பு மாதிரித் தூக்கிக்கொண்டு போக, நான் அவன் இடுப்பில் தலையை முட்டிக்கொண்டு பின்னங்காலாக நடந்தேன். மந்தை எங்களைத் தங்களில் ஒன்று என்று நினைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது.

"அண்ணி, வயித்த உள்ள இழு. இவ்ளோ பெரிய வயித்தோட எந்தக் கரிபூவும் இந்த மாசத்துல நடக்காது. அதுங்களுக்குக் கணக்கு தெரியும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் கை ஆடி முதல் தோட்டா வீணாயிற்று. இரண்டாவது காதுக்குப் பின்னால் பட்டது.

இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நான் சரியாக எழுதுகிறேனா என்று சந்தேகம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அன்னிக்கு நான் சிரிச்சது வெக்கத்துலன்னு எழுது. வேற என்ன பண்றதுன்னு தெரியல. நாய் ரெண்டும் என்னாலதான் செத்துச்சு. பெருசு எங்க இருக்குன்னு கேளு. மூணாவது தடவையா கேக்கறேன்னு எழுது. கப்பல் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கேட்டேன், அவன் காது கேக்காதவன் மாதிரி உக்காந்திருந்தான். பொறக்கப்போற புள்ளைக்கும் சேத்துதான் கேக்கறேன்."

இவ்வளவுதான் அவன் சொன்னது. நீ சொல்லிவிடு, உயாரக். அவனுக்காக இல்லாவிட்டாலும் எங்களுக்காக.

தகூர்னாக்

*

ஆஸ்பத்திரி,
1955 டிசம்பர் 4

தகூர்னாக்,

கைகுலுக்குகிறேன். ஆபாக்கிடம், என் அம்மாவிடம், நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். அது பொய். எதையும் வேகவைக்காமல் இவர்களால் இருக்க முடியாது. மீனைக்கூட அவித்துக் கெடுக்கிறார்கள்.

இந்த இடம்வரை எழுதியிருந்தேன். இங்குள்ள செவிலிப்பெண், யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று கேட்டாள். அம்மாவைப் பற்றி என்றேன். வயது என்ன என்றாள். எட்டு என்றேன். அம்மா செத்த பிறகு அம்மாவின் பெயரைத் தாங்கி நமக்குப் பிறந்தவள், அதனால் அவள் என் அம்மா, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அவள் போய் டாக்டரை அழைத்துவந்தாள். எனக்கு மூளையிலும் நோய் என்று எழுதியிருப்பார்கள்.

படுக்கையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் நெஞ்சுக்குள் இருக்கும் புண் உடையுமாம். சன்னலில் பார்த்தால் மரங்கள். அவற்றைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் மக்பா என்று மேற்குக் கரை ஆள், நல்ல பேச்சுக்காரன். அவனுக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருந்தான். போன மாதம் ஊரிலிருந்து கடிதம் வந்தது, அண்ணன் செத்துவிட்டான் என்று. அன்றைக்கே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சாப்பிடச் சொன்னால் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டு நாள். டாக்டர்கள் நோய் முற்றிவிட்டது என்றார்கள். மக்பா, "நோயா? காயிதம்தான் கொன்னுச்சு" என்றான்.

துப்பாக்கி விஷயம். மூன்று முறை கேட்டாலும் முப்பது முறை கேட்டாலும் பதில் ஒன்றுதான். என் துப்பாக்கி எனக்காகக் காத்திருக்கட்டும். வெட்கத்தில் சிரித்தானாம். வெட்கப்படுகிறவன் தரையைப் பார்ப்பான்.

அவனிடம் சொல்: சின்னதை வைத்துக்கொண்டு அழுகிறவன் பெரியதைக் கொடுத்தாலும் அழுவான். நம் அப்பா இதே மாதிரிச் சின்னத் துப்பாக்கியில் கரடியையே அடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குப்லு அப்போது அம்மாவின் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான். கரடி பக்கவாட்டில் திரும்பி முன்னங்காலைத் தூக்கும்வரை அப்பா அசையவில்லை. தூக்கியதும் அக்குளுக்குக் கீழே ஒரே தோட்டா. பொறுமை உள்ளவனுக்குச் சின்னது போதும்.

இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

உயாரக்

*

எங்கள் முகாம்,
1956 பிப்ரவரி 20

உயாரக்,

கைகுலுக்குகிறேன்.

ஜனவரி முப்பதாம் தேதி பையன் பிறந்தான். இகிமாக்கின் மனைவி பிடித்தெடுத்தாள். தலை நிறைய முடி, கோபக்காரன். பால் நன்றாகக் குடிக்கிறான்.

இறைச்சி இருக்கிறது. ஜனவரியில் சின்னத் துப்பாக்கியில் ஒரு கரடி கிடைத்தது. ஆபாக்தான் முதலில் பார்த்துக் கத்தினாள், ஆகவே தோல் அவளுடையது. இரவில் அவளும் நானும் குழந்தையும் அதன் மேல்தான் படுக்கிறோம். போன வாரம் ஒரு கரிபூவும் கிடைத்தது.

உன் டிசம்பர் கடிதத்தைப் பாதிரியாரின் நாய்வண்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாருக்கும் படித்தேன்.

நீ படுக்கையை விட்டு எழாதே. டாக்டர் சொல்கிறபடி இரு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்காதே.

வேறு செய்தி இல்லை.

தகூர்னாக்

*

ஆஸ்பத்திரி,
1956 ஏப்ரல் 2

தகூர்னாக்!

உன் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்குகிறேன். பையனின் பாதத்தையும். இந்த வார்டு முழுக்க எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மக்பா தன் ஆரஞ்சுப் பழத்தை எனக்குக் கொடுத்தான். செவிலிப்பெண் கைதட்டினாள். பெயர் என்ன என்றாள். அப்போதுதான் பார்த்தேன், நீ பெயரே எழுதவில்லை.

என்ன பெயர் வைத்தாய்? யாருடைய பெயர்? எழுத மறந்துவிட்டாயா, நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாயா? பெயரில்லாமல் வைத்திருந்தால் அழுதுகொண்டே இருப்பான், தெரியாதா உனக்கு? போன ஆண்டு தெற்கு முகாமில் ஒரு பெரியவர் போனாரே, அவர் பெயரா? அவராக இருந்தால் நல்லது. நல்ல சீல் வேட்டைக்காரர், கொஞ்சம் கஞ்சன்.

அப்புறம் கரடி! இதை இரண்டே வரியில் எழுதுகிறாய்! குப்லு எங்கே நின்றான், எத்தனை தோட்டா, காதிலா அக்குளிலா? இதையெல்லாம் எழுத மாட்டாயா? மக்பா நம்பவே இல்லை. "சின்னதுலயா? உன் தம்பியா? சும்மா அளக்காதே" என்றான். நம்பாவிட்டால் போ என்றேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தகூர்னாக், ஒன்று சொல்கிறேன். படுத்தே கிடந்தால் மனிதனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. வெட்கத்தில் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே ஊசி போட வரும்போது நான்கூடச் சிரிக்கிறேன். ஆற்றின் இரண்டாவது அருவிக்கு மேலே, பழைய கூடாரக் கற்களுக்குக் கிழக்கே, சாய்ந்து நிற்கிற தட்டைக் கல் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் சீல் தோலில் சுற்றி வைத்திருக்கிறேன். தோட்டா இருபத்தாறு. குப்லுவிடம் சொல். எடுத்துக்கொள்ளட்டும். என் கோபம் போய்விட்டது என்று சொல். உள்ளே மட்டும் கொண்டுவராதே என்று அண்ணன் சொன்னான் என்று சொல்.

அவன் பதிலை அவன் வாயில் வந்தபடியே எழுது.

உயாரக்

*

எங்கள் முகாம்,
1956 மே 25

உயாரக்,

கைகுலுக்குகிறேன்.

நீ சொன்ன இடத்தில் துப்பாக்கி இருந்தது. கல்லைப் புரட்டத்தான் நேரமாயிற்று. துரு இல்லை. கூடாரத்துக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

உன் கடிதத்தைக் குப்லுவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும். என்னையே பார்த்துக்கொண்டு கேட்டான். சிரித்தான்.

பையனுக்குப் பெயர் வைத்தாயிற்று. கவலைப்படாதே. பிறந்து அழுதுகொண்டிருந்தவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அழுகையை நிறுத்தினான். நல்ல பெயர். நீ வந்ததும் சொல்கிறேன்.

மான்கள் வடக்கே போக ஆரம்பித்துவிட்டன. போன வாரம் அருவிப் பக்கம் ஐந்து நின்றன. பெரியதை எடுத்துப்போகவில்லை. அதன் சத்தத்துக்கு ஒன்று விழுந்தால் நான்கு மலையைத் தாண்டிவிடும். சின்னதின் சத்தம் குச்சி ஒடிகிற சத்தம்தான். அதிலேயே பழகிவிட்டது. காற்றுக்கு எதிரே ஊர்ந்துபோய் முப்பது அடியில் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்தால் போதும். முதலில் பெண்மான், கழுத்தும் தலையும் சேருகிற இடம். அது உட்கார்ந்துகொள்கிறது. மற்றவை, ஏன் உட்கார்ந்தாய் என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவசரப்படாமல் அடுத்த தோட்டாவைப் போட வேண்டும். அப்படி நான்கு விழுந்தன. முதுகுப்பையில் பையன் கண் விழிக்கவே இல்லை. அவனுக்குப் பெருமையாக இருந்தது போல, தூக்கத்தில் உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தான்.

ஆபாக் கொழுப்பை உனக்கு அனுப்ப வேண்டும் என்கிறாள். கெட்டுப்போகும் என்று சொன்னேன். நீ சாப்பிடு. வேகவைத்ததாக இருந்தாலும் சாப்பிடு.

தகூர்னாக்

*

ஆஸ்பத்திரி,
1956 ஜூலை 3

தகூர்னாக்,

கைகுலுக்குகிறேன்.

உன் கடிதத்தை நான்கு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மக்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அவன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

பையன் முதுகுப்பையில் இருந்தான் என்று எழுதியிருக்கிறாய். பாறைக்குப் பின்னால் படுத்தவர் முதுகில்தான் அவன் இருந்திருக்கிறான். குப்லு குழந்தையைச் சுமந்துகொண்டு வேட்டைக்குப் போக மாட்டான். சுட்டவள் நீ.

அவன் பதிலை அவன் வாயில் வந்தபடி எழுதச் சொன்னேன். சிரித்தான் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு கடிதமாக அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குப்லு அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவன் இல்லை.

பையனின் பெயரை எழுது.

நாளை என்னை வெட்டப்போகிறார்கள். வலது பக்கம். மயக்க மருந்து கொடுப்பார்களாம். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள முடியாது என்று தெரியும். கடிதம் போய் வருவதற்குள் இரண்டு மாதம் ஆகிவிடும். பெயர் தெரியாமலே படுக்கிறேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது, தகூர்னாக். இருந்தாலும் நீ எழுது. உன் கையால் எழுதி வரும்வரை ஒருவேளை இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அது இன்னும் கொடுமை.

சுவர்ப் பக்கம் திரும்ப மாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன்.

உயாரக்

*

எங்கள் முகாம்,
1956 ஆகஸ்ட் 24

உயாரக்,

கைகுலுக்குகிறேன். கையை விடவில்லை, பிடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

அவன் பெயர் குப்லு.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி. உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதைப் படித்தபோது அவன் உன் அப்பாவின் கரடி பற்றிய இடத்தில் சிரித்தான். "அப்பா அடிச்சாரா? இதுலயா?" என்று சின்னதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திரும்பவும் படி என்றான். அக்குளுக்குக் கீழே என்ற இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னான். அந்த வரியை நான் விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். அவனுக்கா படிக்கத் தெரியும்? வந்த கடிதத்தை முழுசாகப் படிப்பதுதான் நம் வழக்கம், நானும் படித்தேன். இந்த எட்டு மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவன் பெரியதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அன்று நண்பகல், வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆபாக் வெளியே இருந்தாள். "கரடி! இறைச்சிக் குவியல்ல கரடி!" என்று கத்தினாள். கரிபூ இறைச்சி முழுவதும் அந்தக் கல் குவியலில்தான் இருந்தது. அது போனால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. குப்லு சின்னதை எடுத்துக்கொண்டு ஓடினான். இரண்டு நாயையும் அவிழ்த்துவிட்டான். நான், "விட்டுடு குப்லு, தின்னுட்டுப் போவட்டும்" என்றேன்.

"தின்னுட்டுப் போனா உன் வயித்துல இருக்கறது எதைத் தின்னும்? அப்பா அடிக்கலியா? நீ உள்ள போ அண்ணி."

நான் உள்ளே போகவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன்.

நாய்கள் இரண்டும் குரைத்தன. கரடி அவற்றைத் திரும்பியே பார்க்கவில்லை. அவனையே பார்த்தது. அவன் அசையாமல் நின்றான். அது பக்கவாட்டில் திரும்பட்டும் என்று காத்திருந்தான். நீ எழுதியபடியே நின்றான், உயாரக். ரொம்ப நேரம் நின்றான். ஒரு நாய் பின்னங்காலைக் கடித்ததும் கரடி அரைவாசி திரும்பியது. அப்போது சுட்டான். சரியான இடத்தில்தான் பட்டது. இகிமாக் பிறகு தடவிப் பார்த்துச் சொன்னார், நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று. கரடி செத்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவன் குறி தப்பவில்லை.

ஆனால் சின்னத் தோட்டா கொல்வதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. மான் என்றால் நாம் உட்கார்ந்து காத்திருப்போம், அது படுத்துக்கொள்ளும். கரடி படுக்கவில்லை. அவனிடம் வந்தது. அடுத்த தோட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தான். அது அவன் மேல் விழுந்து, அவனை விட்டுவிட்டு, இருபது அடி நடந்துபோய், அங்கே உட்கார்ந்து செத்தது. அந்த இருபது அடி முன்னால் செத்திருக்கக் கூடாதா?

பேசினான். கொஞ்ச நேரம்தான். "விழுந்துச்சா?" என்றான். விழுந்தது என்றேன். "அண்ணன்கிட்ட எழுது" என்றான். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

இகிமாக்கும் நானும் கற்களை அடுக்கி அவனை மூடினோம். பிறகு அந்தக் கரடியைச் சாப்பிட்டோம். தவறோ சரியோ தெரியவில்லை. வயிற்றில் பிள்ளை புரண்டுகொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

பதினெட்டு நாள் கழித்துப் பையன் பிறந்தான். இகிமாக்கின் மனைவி யார் யாரோ பெயரைச் சொல்லிப் பார்த்தாள், உன் அப்பா பெயரைக்கூட. கத்திக்கொண்டே இருந்தான். குப்லு என்றதும் நிறுத்தினான். உன் ஏப்ரல் கடிதத்தைக் குப்லுவுக்குப் படித்தேன் என்று எழுதினேனே, அது பொய் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். உன் கோபம் போய்விட்டது என்ற இடத்தில் சிரித்தான்.

உன்னிடம் மறைத்ததற்கு என்னைத் திட்டு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவனைப் பற்றி நீ எழுதியிருந்தாய். எனக்கு இருந்தது நீ ஒருவன்தான். அந்த டிசம்பர் கடிதத்துக்காக உன் மேல் கோபமும் இருந்தது. அதையும் மறைத்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

கப்பல் நாளை கிளம்புகிறது. இறங்கியவர்களில் நீ இருப்பாயோ என்று ஆபாக்கும் நானும் கடைசி ஆள் வரை பார்த்தோம்.

தகூர்னாக்

*

ஆஸ்பத்திரி,
1956 நவம்பர் 11

தகூர்னாக்,

கைகுலுக்குகிறேன். இடது கையால். வலது கையை இன்னும் முழுசாகத் தூக்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கடிதம் வந்த அன்று மக்பா ராத்திரி முழுக்க விழித்திருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்து, "உன் பொண்டாட்டி அழுதுகிட்டே தின்னா. நீயும் அழுதுகிட்டே தின்னு" என்றான். தின்றேன்.

மூன்று முறை வெட்டினார்கள். வலது பக்கத்தில் ஏழு விலா எலும்புகளை எடுத்துவிட்டார்கள். தோளுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது, உன் முஷ்டியை வைக்கலாம். நெஞ்சுப்புண் ஆறிவருகிறதாம். அடுத்த ஆண்டுக் கப்பலில் அனுப்பலாம் என்கிறார்கள். நான் டாக்டரிடம், துப்பாக்கி சுடலாமா என்று கேட்கச் சொன்னேன். எவ்வளவு பெரியது என்றார். முப்பது-முப்பது ரகம் என்றேன். சுட்டதும் அது தோளில் உதைத்தால் தாங்குவதற்கு அங்கே எலும்பு இல்லை என்றார். நான் நம்பவில்லை. தரை துடைக்கிற பெண்ணிடம் துடைப்பக் கட்டையை வாங்கித் தோளில் வைத்து, மக்பாவை மறுமுனையில் குத்தச் சொன்னேன். மெதுவாகத்தான் குத்தினான். கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்துபோய்ச் செவிலியைக் கூப்பிட்டான்.

தம்பிக்குத் தராமல் ஒளித்துவைத்த துப்பாக்கியை இனி ஆயுள் முழுக்க நானும் சுட முடியாது. அதை இகிமாக்கிடம் கொடு, யாருக்குத் தேவையோ அவருக்குக் கொடுக்கட்டும். எனக்கு இனிச் சின்னதுதான். அதை வைத்துக்கொண்டு நான் மானுக்கு முப்பது அடி கிட்டே போனதே இல்லை, அவ்வளவு பொறுமை எனக்கு இருந்ததில்லை. எப்படிப் போக வேண்டும் என்று வந்ததும் நீ காட்டு. நான் பின்னங்காலாக நடக்கிறேன்.

நீ எதையும் விட்டுவிட்டுப் படித்திருக்க வேண்டாம். எழுதியவன் நான். விட்டுவிட்டு எழுதியவனும் நான்தான். அதை இப்போது சொல்கிறேன், ஆனால் உனக்கு இல்லை. மீதியை அவன் விழித்திருக்கும்போது மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படி.

தம்பி,

நான் உயாரக், உன் அண்ணன். உன் அப்பா என்றும் சொல்வார்கள், அதை நீ பிறகு தெரிந்துகொள். முதலில் நான் உன் அண்ணன்.

அப்பாவின் கரடியைப் பற்றி உனக்கு எழுதினேன் அல்லவா? நீ அம்மாவின் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்கு எதுவும் தெரியாது. நான் கண் விழித்துப் பார்த்தவன். அன்றைக்கு அப்பாவிடம் பதினோரு நாய்கள் இருந்தன. எட்டுப் பக்கத்திலிருந்தும் கடித்துக் கரடியை நிற்க விடாமல் சுற்ற வைத்தன. இரண்டு பக்கத்திலும் மாமாக்கள் ஈட்டியோடு நின்றார்கள். அப்பா சுட்ட பிறகு அந்தக் கரடி ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கிற நேரம் சாகாமல் நின்றது. நாய்கள்தான் பிடித்துவைத்திருந்தன. அதில் நான்கு செத்தன.

உனக்கு இரண்டு நாய்தான் மிச்சம் என்று அண்ணி எழுதியிருந்தாள். படித்துவிட்டுத்தான் பதில் எழுதினேன். பதினோரு நாய் என்று எழுதினால் கதை சின்னதாகிவிடும், நீ சிரிப்பாய் என்று தோன்றியது. அதனால் விட்டுவிட்டேன்.

உனக்குப் பேச்சு வரும்போது என்னைத் திட்டு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பேன்.

உயாரக்